பாதையின் உரிமையும் நம் பெண்மக்களின் மிதிவண்டியும்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருமானூரைக் கடந்து போவோர் பலர். அங்கே இறங்குவோர் சிலர். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் அந்தச் சாலையில் மிதிவண்டி ஓட்டுபவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதை விட்டுப் பிரியும் கிளைச்சாலைகளோ முற்றிலும் வேறானவை. கொள்ளிடக் கரையோரம் திருமழபாடிக்குச் செல்லும் சாலை, வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சிக்குச் செல்லும் சாலை, கீழப்பழுவூர்ப் பக்கமிருந்து கரைவெட்டி ஏரிக்குச் செல்லும் சாலை ஆகியவற்றில் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டால், எதிரே வருபவை ஒரு டிராக்டரும் இரண்டு பால்வண்டிகளுமாகவே இருக்கும். வயலும் தைலமரத் தோப்பும் முந்திரிக் காடும் மாறி மாறி வரும்.

கரைவெட்டியைப் பற்றி நம் மக்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி அது. மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அதை வந்தடைகிறது. 1999-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஏரிக்குள் நீர்க்கருவேல மரங்கள் தண்ணீரில் நின்றபடியே காடாகி இருக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் பறவைகளுள் வரித்தலை வாத்தும் ஒன்று. மத்திய ஆசியாவின் உயர்நிலங்களிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றைப் பார்க்கவில்லையா என்று குர்ஆன் கேட்கும் இடத்தை (67:19) நாம் வகுப்பில் ஓதிப் பொருள் சொல்லும்போது, மாணவர்கள் தலையாட்டுவார்கள். கரைவெட்டிக் கரையில் நின்று அதே வசனத்தை ஓதினால் தலையாட்ட மாட்டார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த ஏரிக்கு மோட்டார் வாகனத்தில் போகலாம், தடையில்லை. ஆனால் ஒலிப்பானையும் பாட்டுப்பெட்டியையும் கொண்டுபோய்ப் பறவைகளைக் கிளப்பிவிட்டு, ஒன்றையும் காணவில்லை என்று குறைப்பட்டுத் திரும்புவோரை அங்கே அடிக்கடி காண்கிறோம். பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை 6:38 நமக்குக் கற்பிக்கிறது. ஒரு சமுதாயத்தின் வாசலுக்குச் செல்பவர் ஓசையின்றிச் செல்வது மரியாதை. மிதிவண்டிக்கு அந்த மரியாதை இயல்பாகவே இருக்கிறது.

மிதிவண்டிப் பயணத்துக்கென்று தனி ஒழுக்கநூல் தேவையில்லை; இருப்பதே போதும். ஏறி அமரும்போது வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிக்கும் துஆ (43:13-14) இருக்கிறது. காருக்கும் விமானத்துக்கும் அதை ஓதும் நாம், ஏனோ மிதிவண்டியை வாகனக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேட்டில் ஏறும்போது தக்பீரும் இறக்கத்தில் தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறும்போது சொல்லும் தக்பீரின் சுவையை, ஆக்ஸிலேட்டரைத் திருகி ஏறுபவர் எப்படி அறிவார்? வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு ஸலாம் கூற வேண்டும் என்பது இன்னொரு நபிவழி. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிறவரால் அதைச் செய்ய இயலாது.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்பகுதிச் சாலையோரங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. விறகுக்கு வெட்டிச் செல்வோர் உதிர்த்துவிட்டுப் போகும் ஒரு சிறு கிளை போதும், இரண்டு சக்கரமும் காற்றிழந்துவிடும். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரின் அச்செயலை அல்லாஹ் ஏற்று அவரை மன்னித்தான் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அதை உவமையாக விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியமே திருமானூர்ப் பக்கம் மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஏற்படாது.

இவ்வளவு நல்ல சாலைகளில் யார் செல்கிறார்கள் என்று பார்த்தால், ஆண்களும் பையன்களும்தான். இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள். 2001-ஆம் ஆண்டு பட்டியல் இன, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கப்பட்டு, பின்னர் எல்லோருக்கும் விரிந்த திட்டம் இது. நம் வீடுகளில் அந்த வண்டிக்கு நேர்வது என்ன? சில காலம் திண்ணையில் நிற்கிறது. பிறகு தம்பி ஓட்டுகிறான், அல்லது பாதி விலைக்குப் போகிறது. அதே வீட்டில் பதினைந்து வயது மகனின் கையில் பைக் சாவி இருக்கிறது. கியர் வண்டி ஓட்டச் சட்டம் கேட்பது பதினெட்டு வயது. சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. ஆபத்தானதை மகனுக்குக் கொடுத்து, ஆபத்தில்லாததை மகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் இந்தக் கணக்கு எந்தக் கிதாபில் இருக்கிறது?

“ஆளில்லாத பாதை ஹஜ்ரத், எப்படி அனுப்புவது?” என்று கேட்கிறார்கள். அச்சம் பொய்யானதன்று, பெற்ற வயிற்றின் கவலையை எள்ளி நகையாட நாம் முன்வர மாட்டோம். தன்னந்தனியாக மகளைக் காட்டுப் பாதையில் அனுப்புங்கள் என்று சொல்லவும் இல்லை. ஆயினும், பாதை பாதுகாப்பற்றதாக இருந்தால் அதைச் சீர்செய்யும் கடமையை மார்க்கம் முதலில் யார்மீது சுமத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாதைகளில் உட்கார்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அது என்ன என்று கேட்டபோது அவர்கள் முதலாவதாகச் சொன்னது பார்வையைத் தாழ்த்துவது. அடுத்தது தொல்லை தராதிருப்பது. பிறகுதான் ஸலாமுக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும். இந்தக் கட்டளை பாலத்துத் திண்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இடப்பட்டது. நாமோ அதை, மிதிவண்டியில் போகும் பெண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் கட்டளையாகப் புரட்டிவிட்டோம்.

மஹ்ரம் பற்றிய சட்டத்தை நாம் மறந்து பேசவில்லை. அது பயணத்துக்குரியது, பயணத் தொலைவைப் பற்றி மத்ஹபுகளின் இமாம்கள் விரிவாகப் பேசியுள்ளார்கள். ஆறேழு கிலோமீட்டரில் உள்ள பள்ளிக்கூடம் அந்தக் கணக்கில் வராது. ஒரு பெண் ஹீராவிலிருந்து புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஅபாவை வந்து வலம் வரும் காலம் வரும் என நபி (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் முன்னறிவித்தார்கள். அதைத் தம் கண்ணாலேயே கண்டதாக அதீ (ரலி) சொல்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் சட்டங்களில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு நாட்டின் நல்ல நிலைக்கு அடையாளமாக நபியவர்கள் எதை எடுத்துக்காட்டினார்கள் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. ஒட்டகம் ஏறும் பெண்களில் குறைஷியரின் நல்ல பெண்களைச் சிறந்தோர் என அவர்கள் புகழ்ந்ததும் நினைவில் இருக்கட்டும். வாகனம் ஏறுவது பெண்ணுக்கு இழுக்காக அங்கே எண்ணப்படவில்லை.

தொலைதூர உதாரணமும் தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள் என்பதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி வைத்திருக்கிறார். பெண்களுக்கான வண்டி கிடைக்காமல் ஆண்கள் வண்டியையே வாங்கினார்களாம். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். தண்ணீருக்கும் சந்தைக்கும் பேருந்தைக் காத்து நின்ற நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில், குடும்பத் தலைவர் வளைகுடாவில் இருக்க, மருந்து வாங்கவும் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் தாய்மார்களை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

ஆகவே மஹல்லா ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது பெரிதொன்றும் அன்று. பாலத்திலும் டீக்கடை வாசலிலும் உட்காரும் இளைஞர்களை நோக்கி, பாதையின் உரிமை பற்றி ஒரு ஜும்ஆவில் பேசுங்கள். பெண்ணின் ஆடையைப் பற்றி ஆண்டுக்குப் பத்து பயான் செய்கிறோம். ஆணின் பார்வையைப் பற்றி ஒன்றாவது நடக்கட்டும். மாணவியர் பள்ளிக்குச் செல்லும் வழியில் முட்செடியை வெட்டவும் தெருவிளக்குக்கு ஊராட்சியில் மனுக் கொடுக்கவும் நான்கு பேர் முன்வரட்டும்.

பெற்றோர்களிடம் கேட்பது இன்னும் எளிது. வரும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு நீங்களே கரைவெட்டிக்கு மிதிவண்டியில் சென்று வாருங்கள். கீழப்பழுவூர் வரை பேருந்திலோ வேனிலோ வந்து, அங்கிருந்து ஓட்டினால் நெடுஞ்சாலை லாரிகளுக்கு அஞ்ச வேண்டாம். புர்கா அணிபவருக்குச் சங்கிலியை முழுவதும் மூடிய வண்டியே ஏற்றது. பின்சக்கரத்திலும் துணி சிக்காதபடி தடுப்பு இருக்கட்டும். தண்ணீர், கைப்பம்பு, பங்க்சர் ஒட்டும் சாமான் மூன்றையும் மறவாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் மிகுதி. வெயில் ஏறுவதற்குள் கரையை அடைந்துவிட்டால் வாத்துகள் தண்ணீரிலேயே இருக்கும்.