பிளாப்பியிலேயே திறந்து வேலை செய்யாதீர்கள்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் டெய்லர், செக்கிங், அயர்ன் ஆட்களின் வாரக் கணக்கு முழுவதும் ஒரே எக்ஸெல் பைலில் இருக்கும். அன்று பார்த்து அந்த பைல் பிளாப்பியிலோ பென் டிரைவிலோ சேவ் ஆக மறுத்தால், சுற்றி நிற்பவர்கள் "வைரஸ்" என்பார்கள். "பார்மட் பண்ணிடுங்க" என்பார்கள். தயவுசெய்து இரண்டையும் கேட்காதீர்கள். டிஸ்க்கிலேயே பைலைத் திறந்து வேலை செய்யும் பழக்கம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

பிளாப்பியின் காலம் முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். சோனி நிறுவனமே 2011 மார்ச்சில் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய எம்ப்ராய்டரி மெஷின்களுக்கும், பீரோவில் கிடக்கும் பழைய கணக்குகளுக்கும் பிளாப்பி வேண்டியிருக்கிறது. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கிப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டுபவர்களும் உண்டு.

எக்ஸெல் எப்படி சேவ் செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அது பழைய பைலின் மேலேயே எழுதுவதில்லை. அதே இடத்தில் புதிதாக ஒரு தற்காலிக பைலை எழுதி முடித்து, பிறகு பழையதை அழித்து, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கிறது. அதாவது சிறிது நேரம் இரண்டு பைல்களுக்கும் இடம் வேண்டும். 1.44 எம்பி பிளாப்பியில் நாம் பயன்படுத்தக் கூடியது சுமார் 1,423 கேபிதான். உங்கள் பைல் 800 கேபி என்றால் இரண்டுக்கும் 1,600 கேபி ஆகிறதே! பாதி டிஸ்க் காலியாகத் தெரிந்தாலும் "டிஸ்க் புல்" என்று வருவது இதனால்தான்.

பெயர் மாற்றும் நேரத்தில் கரண்ட் போனாலோ, யாராவது டிஸ்க்கை உருவிவிட்டாலோ, பழைய பைல் காணாமல் போய், எட்டு எழுத்து எண்கள் கலந்த, எக்ஸ்டென்ஷன் இல்லாத விசித்திரப் பெயரில் ஒரு பைல் மட்டும் நிற்கலாம். இதைத்தான் வைரஸ் என்று அழித்துவிடுகிறார்கள். ஐயோ, அந்த வாரச் சம்பளமே அதில்தான் இருக்கக்கூடும்! அதை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்து, பெயரின் கடைசியில் .எக்ஸ்எல்எஸ் (பைல் புதிய வகை என்றால் .எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் திறந்து பாருங்கள். முழுவதும் எழுதப்பட்டிருந்தால் திறக்கும்.

திரையில் பைல் திறந்திருக்கும்போதே சேவ் ஆகவில்லை என்றால் எக்ஸெலை மூடாதீர்கள். சேவ் அஸ் கொடுத்து டாகுமெண்ட்ஸ் போல்டரில் சேமியுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சில்லறைக் காரணங்களும் உண்டு. பிளாப்பி மூலையில் உள்ள சிறு ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் டிரைவின் ஹெட்டில் அழுக்கு சேரும். பைலுக்கு "சம்பளம் 12/4" என்று தேதி போட்டுப் பெயர் வைத்தால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போடுங்கள். ஆடிட்டரிடம் எக்ஸெல் 2003 இருந்தால், சேவ் அஸில் 97-2003 வகையைத் தேர்ந்தெடுங்கள்.

என் வழி எளியது. டிஸ்க்கில் வந்த பைலை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்கிறேன். அங்கேயே வேலையை முடித்து, எக்ஸெலை மூடிய பிறகு டிஸ்க்குக்கு காப்பி செய்கிறேன். பிளாப்பி என்றால் டிரைவின் விளக்கு அணையும் வரை கை வைப்பதில்லை. பென் டிரைவ் என்றால் டாஸ்க் பாரில் உள்ள எஜெக்ட் ஐகானை கிளிக் செய்து, கழற்றலாம் என்று செய்தி வந்த பிறகே எடுக்கிறேன்.