கல் தளத்தின் இடுக்கில் எதை நிரப்பலாம்?

உங்கள் வீட்டு வாசலிலோ பள்ளி முற்றத்திலோ கருங்கல் பலகைகள் பாவியிருக்கலாம். கல்லை எல்லோரும் பார்க்கிறோம். இரண்டு கற்களுக்கு நடுவே விரல் அகலம்கூட இல்லாத இடுக்கை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தளம் நிலைப்பதும் சிதைவதும் பெருமளவு அந்த இடுக்கைப் பொறுத்தவை.

"சிமென்ட் கலவையால் பூசிவிட்டால் உறுதி" என்பது பலரின் எண்ணம். மண்ணின் மேல் மணல் பரப்பிப் பாவிய திறந்தவெளித் தளத்துக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. காரணங்கள் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கின்றன.

முதலாவது, வெப்ப விரிவு. கருங்கல்லின் நீள் விரிவுக் குணகம் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000008. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் கல், கோடை வெயிலில் 60 டிகிரி வரை சூடேறக்கூடும். அப்படியானால் 10 மீட்டர் நீளமுள்ள தளம் எவ்வளவு நீளும்? 10,000 × 0.000008 × 35 = 2.8 மி.மீ. அரை மீட்டர்க் கற்கள் இருபது என்று கொண்டால், ஒவ்வோர் இடுக்கின் பங்கு 0.14 மி.மீ. தான். மணல் துகள்கள் சற்றே நகர்ந்து இதற்கு இடம் கொடுத்துவிடும். இறுகிய சிமென்ட் கொடுக்காது. அது அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இரவில் கற்கள் குளிர்ந்து சுருங்கும்போது மயிரிழைபோல் வெடிப்பு விழுகிறது.

இரண்டாவது, படுகை. வண்டி ஏறினால் மணல் படுகை சிறிது அமுங்கும். கல்லும் உடன் அசையும். இடுக்கு கல்லைவிடக் கடினமாக இருந்தால் கல்லின் ஓரமே பெயரும். கல்லை மாற்றுவதா, இடுக்கை நிரப்புவதா, எது எளிது? ஆகவே இடுக்கு எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். 50 சதுர மீட்டர் முற்றத்தில் 20 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1,000 லிட்டர்! சிமென்ட் பூசிய தளத்தில் ஏறக்குறைய முழுவதும் தெருவுக்கு ஓடிவிடும். மணல் இடுக்கோ ஒரு பகுதியை நிலத்துக்குள் அனுப்பும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைச் சேமித்துவிட்டு முற்றத்து நீரை விரட்டுவது முறையா?

மணலில் எறும்பு புற்று வைக்கும், புல் முளைக்கும் என்பார்கள். உண்மைதான். புல்லைப் பிடுங்கி, ஆண்டுக்கொரு முறை புது மணலைத் துடைப்பத்தால் கூட்டி இடுக்கில் இறக்கினால் போதும். வெடித்த சிமென்டைக் கொத்தி எடுப்பதைவிட இது எளிய வேலை.

எந்த மணல்? ஒரு சோதனை செய்யுங்கள். உலர்ந்த ஆற்று மணலையும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டையும் தனித்தனியே குவித்துப் பாருங்கள். எந்தக் குவியலின் சரிவு செங்குத்தாக நிற்கிறதோ அதன் துகள்களுக்கிடையே உராய்வு அதிகம். கூர்முனைத் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் இடுக்கில் நன்றாக நிற்கும். களிமண் மட்டும் வேண்டாம். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும்.

சிமென்டுக்கும் இடம் உண்டு. கான்கிரீட்டின் மேல் பதித்த கல், குளியலறைத் தரை, சுவரை ஒட்டிய பகுதி ஆகியவற்றில் நீர் இறங்கக் கூடாது. அங்கே சிமென்ட்தான் சரி. தளம் பெரிதானால் இடையிடையே விரிவு இடைவெளியும், நீர் வடிய மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமும் தேவை.

எனவே, கொத்தனார் கலவை குழைக்கத் தொடங்கும்முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது? மழைநீர் எங்கே போக வேண்டும்? எதை நிரப்புவது என்பதற்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.