இரண்டாவது ஆல்பம் யாருக்கு?

2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதிகம் ஓடிய ஆல்பம் எது? பில்போர்ட் 200 ஆண்டிறுதிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கன்ட்ரி பாடகர் மார்கன் வாலனின் 'டேஞ்சரஸ்: தி டபுள் ஆல்பம்'. அவருடைய இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் அது. மொத்தம் 30 பாடல்கள். ஜனவரி 8 அன்று வெளியாகி, நேராக முதலிடத்தில் நுழைந்து, தொடர்ந்து 10 வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. வெளியானதிலிருந்து 10 வாரம் அப்படி முதலிடத்தில் நின்ற ஆல்பம் என்றால், அதற்கு முன் 1987இல் வந்த விட்னி ஹூஸ்டனின் ஆல்பத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கிராமத்துப் பையன் ஜெயித்த கதை என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 10 வாரத்துக்கு நடுவில் ஒன்று நடந்தது.

ஜனவரி 31 இரவு, நாஷ்வில் நகரத்தில் தன் வீட்டுக்கு நண்பர்களோடு திரும்பிய வாலன், போகிற போக்கில் ஒரு நண்பரைக் குறித்து 'என்' எழுத்தில் தொடங்கும் அந்த இழிசொல்லைச் சொன்னார். கறுப்பின மக்களை அடிமைச் சந்தையிலிருந்து இன்றுவரை துரத்திவரும் சொல் அது. பக்கத்து வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட காணொளி பிப்ரவரி 2 அன்று வெளியானது. மறுநாளே பெரிய ரேடியோ குழுமங்கள் அவருடைய பாடல்களை நிறுத்தின. ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் அமைப்பு அந்த ஆண்டு விருதுக்கு அவர் தகுதியற்றவர் என்றது.

விற்பனை என்ன ஆனது? சரியவில்லை, ஏறியது. ரேடியோவில் ஒலிக்காத பாடல்களை மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். முதலிடம் அசையவே இல்லை. சில மாதங்களில் ரேடியோவும் திரும்பி வந்தது. 2022 மார்ச்சில், அவரைத் தகுதியற்றவர் என்று சொன்ன அதே அகாடமி, அதே 'டேஞ்சரஸ்' ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதைக் கொடுத்தது. தண்டனையின் ஆயுள் இவ்வளவுதான்.

'கேன்சல் கல்ச்சர்' என்று நம் காலத்தில் பெரிய புலம்பல் ஒன்று இருக்கிறது. ஒரு வார்த்தை தவறினால் வாழ்க்கையையே அழித்துவிடுகிறார்களாம். அழிக்கப்பட்டவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் அந்த ஆண்டின் முதலிடத்தில் இருந்தார் என்பதை இந்தப் புலம்பல்காரர்கள் கவனத்தில் கொள்வது நல்லது.

வாலன் என்ற தனிமனிதரைக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். தொடர்ந்து மூன்று நாள் குடித்திருந்த நிலையில் பேசியது என்றார். என்னை யாரும் நியாயப்படுத்த வேண்டாம் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பாடகரே "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் வாங்கிக் குவித்தவர்கள் எதை வாங்கினார்கள்? பாட்டுப் பிடித்து வாங்கியவர்கள் ஜனவரியிலேயே வாங்கியிருப்பார்கள். காணொளி வந்த வாரத்தில் விற்பனை ஏறியது என்றால், அந்தச் சொல்லுக்குத் தரப்பட்ட ஆதரவும் அந்தக் கணக்கில் சேரும். "எங்க ஆளை நீங்கள் கேள்வி கேட்பதா?" என்ற வீம்பு அது. அந்த வீம்பை நாம் நன்றாக அறிவோம்.

ஒரு வெள்ளை நண்பனைத்தானே சொன்னார், கறுப்பரை இல்லையே என்று அப்போது ஒரு வாதம் வந்தது. இது குற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? எதிரே ஒரு கறுப்பரும் இல்லாத இடத்தில், கோபமே இல்லாமல், செல்லமாக அந்தச் சொல் வருகிறது என்றால், அது அந்த வீட்டுப் பேச்சில் உப்பு மாதிரி கரைந்திருக்கிறது என்று பொருள். நம் ஊரிலும் நண்பனைக் கேலி செய்ய ஒரு சாதியின் பெயரை எடுக்கிறவன், "உன்னைச் சொல்லலையே" என்றுதான் சொல்கிறான். "போதையில வாய் தவறிடுச்சு, பெருசு பண்ணாதீங்க" என்ற பஞ்சாயத்து வசனத்தையும் நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கும் நாட்டிலேயே இந்த வசனம் இன்னும் ஓடுகிறது.

சரி, மன்னிக்கவே கூடாதா என்று கேட்கலாம். நான் கேட்பது, மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை. அந்தச் சொல்லால் காயப்பட்ட மக்களிடம் யாரும் போய்க் கேட்டுவிட்டு விருது கொடுக்கவில்லை. வாங்கும் கூட்டம் மன்னித்தது, ரேடியோ பின்தொடர்ந்தது, விருதுக்குழு முத்திரை குத்தியது. இதற்கு வியாபாரம் என்று பெயர். இதை மனமாற்றம் என்று அழைப்பது மோசடி.

நாஷ்வில்லுக்கு உண்மையாகவே தண்டிக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, லண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் குழுவின் நேட்டலி மெயின்ஸ், அதிபர் புஷ் தங்கள் டெக்சாஸ் மாநிலத்துக்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்றார். ஒரே ஒரு வாக்கியம்தான். அப்போது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்த அவர்களுடைய 'டிராவலின் சோல்ஜர்' பாடல் சடசடவென்று சரிந்தது. குறுந்தகடுகளைக் குவித்து வண்டி ஏற்றி நசுக்கினார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. மெயின்ஸ் சில நாட்களிலேயே மன்னிப்பும் கேட்டார், அது எடுபடவில்லை. கன்ட்ரி ரேடியோவின் கதவு அவர்களுக்குப் பழையபடி திறக்கவே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் வெள்ளையினப் பெண்கள். போரை எதிர்த்தால் கதவு மூடும், கறுப்பரை இழிவுபடுத்தினால் தாழ்ப்பாள் மட்டும் கொஞ்ச நாளைக்கு விழும். ஒரு சமூகம் எதைக் குற்றம் என்று நினைக்கிறது என்பது அதன் சட்டப் புத்தகத்தில் மட்டுமல்ல, அதன் பாட்டுப் பட்டியலிலும் தெரியும்.

இப்போது இன்னொரு பாடகியைப் பற்றிச் சொல்கிறேன். லிண்டா மார்டெல். தென் கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். 1969இல், கன்ட்ரி இசையின் கோயிலாகக் கொண்டாடப்படும் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் இவர். 1970இல் 'கலர் மீ கன்ட்ரி' என்ற ஆல்பம் வந்தது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள்: 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. அடிமைகள் பருத்தி பறித்த பண்ணையின் பெயரை லேபிளில் ஒட்டி, ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலை விற்றார்கள். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து இனப்பெயர் சொல்லிக் கத்தினார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய இரண்டாவது ஆல்பம் எது என்று தேடாதீர்கள். அப்படி ஒன்று வரவே இல்லை. ஆப்ரி மேடையில் பாடிய அந்தப் பெண் பிற்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். உழைப்பில் இழிவு இல்லை, ஆனால் அந்தக் குரலிடமிருந்து பறிக்கப்பட்டதற்குக் கணக்கு உண்டு. இனப்பெயரைக் காதில் வாங்கியவருக்கு ஒரே ஆல்பத்தோடு கதை முடிந்தது. இனப்பெயரை வாயால் சொன்னவருக்கு இரண்டாவது ஆல்பமே சரித்திரம் ஆனது. இதைவிடத் தெளிவாக இனவாதத்தை எப்படி விளக்குவது?

பழைய கதை என்று தள்ள முடியாது. மிக்கி கைட்டன் என்ற கறுப்பினப் பாடகியை நாஷ்வில்லின் பெரிய நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்தது 2011இல். அவருடைய முதல் முழு ஆல்பம் வந்தது 2021 செப்டம்பரில். முதல் ஆல்பத்துக்கே பத்து ஆண்டுகள்! அதே ஆண்டில்தான் வாலனின் 30 பாடல்கள் ஓடின.

சார்லி பிரைட் ஜெயித்தாரே என்பார்கள். ஜெயித்தார். 1971இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் மிக உயர்ந்த விருதான 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதை வாங்கினார். ஆனால் 1966இல் அவருடைய முதல் பாடல்களை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது நிறுவனம் அவருடைய படத்தைச் சேர்த்து அனுப்பவில்லை. முகம் தெரிந்தால் பாட்டை ஒலிபரப்ப மாட்டார்கள் என்ற பயம். பெயரையும் ஊரையும் மறைத்துக்கொண்டு நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தப் பயம் புரியும். அந்த விருதை அவருக்குப் பின் இன்றுவரை எந்தக் கறுப்பினக் கலைஞரும் வாங்கவில்லை. 2024இல் அதை வாங்கியவர் மார்கன் வாலன். அதே ஆண்டு வந்த பியான்ஸேவின் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்துக்கு அந்த விருது விழாவில் ஒரு பரிந்துரைகூட இல்லை.

இத்தனைக்கும் இந்த இசை யாருடையது? கன்ட்ரி என்றதும் நினைவுக்கு வரும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் நினைவில் வந்த வாத்தியம். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள்தான் தென்மாநிலத்துப் பாட்டை இரண்டாக அறுத்தன. கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்', ஏழை வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. ஒரே மண், ஒரே வாத்தியங்கள், பட்டியல் மட்டும் தனித்தனி. பின்னால் ஹில்பில்லிக்கு 'கன்ட்ரி' என்ற மரியாதையான பெயர் கிடைத்தது, நாட்டின் பெயரே கிடைத்தது. ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவரான மவுத்ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி ஒரு கறுப்பர். 1941இல் அவரை வெளியேற்றினார்கள். அதே நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல். செத்தவருக்கு மாலை போட இந்த உலகம் தயங்குவதே இல்லை.

சாதி ஒழிப்புப் பேசும் இடத்தில் நாஷ்வில்லுக்கு என்ன வேலை என்று கேட்கும் தோழர்களுக்கு: ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ், பிளாக் பேந்தர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அவர்கள் வலியை நம் வலியோடு வைத்துப் படிப்பது நம் முன்னோர் தொடங்கிய வேலை.

இந்த ஆல்பத்தை நான் முழுவதும் கேட்டேன். விஸ்கி, மண்சாலை, பிரிந்துபோன காதலி. குரல் நன்றாகவே இருக்கிறது. கேட்காதீர்கள் என்று உங்களுக்குத் தடை போடவும் நான் வரவில்லை. இதே ஆல்பத்தில் வாலன் பாடியிருக்கும் 'கவர் மீ அப்' ஜேசன் இஸ்பெல் எழுதிய பாடல். காணொளி வெளியான பிறகு, இந்த ஆல்பத்தால் தனக்கு வரும் பணத்தைக் கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் நாஷ்வில் கிளைக்குத் தருவதாக இஸ்பெல் அறிவித்தார். வெள்ளையர்தான், அதே ஊர், அதே தொழில். "கலை வேறு, கலைஞர் வேறு" என்று தத்துவம் பேசிக்கொண்டிருக்காமல், தன் பங்குக்கு வந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அதைத் திருப்பி அனுப்பினார். ஆதிக்கத்தில் பிறந்தும் அதோடு நிற்க மறுப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான்.

நாளை நம்முடைய மேடைகளிலும் ஒரு பிரபலம் இழிசொல் பேசுவார், வருந்துவார், ஆறு மாதத்தில் புதுப் படமோ புதுப் பாட்டோ கொண்டுவருவார். "அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கக் கூடாதா?" என்று நல்ல மனதோடு நம்மிடம் கேட்பார்கள். கொடுக்கலாம். அதற்கு முன், அந்தச் சொல்லுக்கு ஆளானவர்களில் எத்தனை பேருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது என்ற கணக்கை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். லிண்டா மார்டெல்லின் இரண்டாவது ஆல்பம் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை மன்னிப்புப் பற்றிப் பேச அவர்களுக்கு உரிமை இல்லை.