90 சதமாம்... எதுல 90?

மக்களே, இன்னிக்கு காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். விஷயம், அலுமினியத்தை உருக்காமலே இணைக்கிற ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங். வேகமா சுத்துற கருவியோட பின் ரெண்டு தகடுக்கும் நடுவுல இறங்கி, உரசல் சூட்டுல இளகின உலோகத்தை மாவு பிசையற மாதிரி பிசைஞ்சுக்கிட்டே நகரும். 1991-ல் இங்கிலாந்தின் தி வெல்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிறந்த முறை. உருக்கி ஒட்டினா விரிசல் விடுற 2024, 7075 அலாய்களையும் இது வழிக்குக் கொண்டுவந்தது. முறையோட எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை, ரெண்டு வேற வேற அலாயை இணைச்சு நம்ம பக்கம் எழுதித் தள்ளுற கட்டுரைகளோட. ஒரு பக்கம் 6061, மறுபக்கம் 7075. மூணு சுழல் வேகம், மூணு நகர்வு வேகம், மூணு பின் வடிவம், ஒரு டகுச்சி அட்டவணை. கடைசியில 'சிறந்த ஆர்.பி.எம். இது, ஜாயின்ட் எஃபிஷியன்சி இத்தனை சதம்'. சுபம்.

எந்த அலாயோட சதம் சாமி? 6061-டி6 இழுவை வலிமை சுமார் 310 எம்.பி.ஏ., 7075-டி6 சுமார் 570. இணைப்பு 217-ல் அறுந்துச்சுன்னு வெச்சுக்குங்க. முதலாவதோட ஒப்பிட்டா 70 சதம், ரெண்டாவதோட ஒப்பிட்டா 38 சதம். பலம் குறைஞ்சதோட ஒப்பிடறது தப்பில்லை. அதைச் சொல்லாம விடறதுதான் தப்பு.

இதைவிடப் பெரிய கூத்து இருக்கு. நல்லா அமைஞ்ச இணைப்பை இழுத்தா, பெரும்பாலும் பிசைஞ்ச இடத்துல அறாது; 6061 பக்கம், சூடு பட்ட பகுதியில அறும். டி6 பதத்துல பலம் தர்றதே மெக்னீசியம்-சிலிக்கான் நுண்துகள்கள்தான். சூட்டுல அது பருத்துப்போனா அலாய் தளர்ந்துடும். ஆக, நீங்க 27 துண்டை இழுத்து அளந்தது ரெண்டு அலாயோட கலப்பை இல்லீங்க. 6061 எவ்வளவு வெந்துச்சுங்கறதை!

எந்த அலாய் அட்வான்சிங் பக்கம் (பின் சுத்துற திசையும் நகர்ற திசையும் ஒண்ணா இருக்கிற பக்கம்) வெச்சீங்க? ரெண்டையும் இடம் மாத்திப் போட்டா கலப்பே மாறும். இந்த ஒரு வரியையும் விட்டுட்டா, உங்க ஆர்.பி.எம்.மை வெச்சு அடுத்தவன் என்ன பண்ணுவான்?

'பழைய மில்லிங் மெஷின்தான் இருக்கு, எங்களால இவ்ளோதான் முடியும்'னு ஒரு சமாதானம் வரும். குறுக்கே கடினத்தன்மை அளக்க ஒரு பழைய விக்கர்ஸ் மெஷின் போதும். அடிப்பக்கம் சரியா ஒட்டாம போன கோட்டைப் பிடிக்க, வேர்ப்பக்கத்தை வெளியே வெச்சு வளைச்சுப் பாருங்க; பாதி பொய் அங்கேயே வெளுத்துடும். எங்க அறுந்துச்சுன்னு எழுத பேனா போதும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பின் வடிவத்தை மாத்தி மாத்தி, உள்ளே உலோகம் எப்படி அமையுதுன்னு பொறுமையா பார்த்து 2000-களிலேயே எழுதினாங்க. அதுல அட்டவணையை மட்டும் காப்பி அடிச்சு, பொறுமையை விட்டுட்டோம்.

ஒரு பையனோட ரெண்டு வருஷ எம்.இ. இது. எண்ணை நம்பி எவனாவது பாகம் டிசைன் பண்ணினா, அறுபடப் போறது கட்டுரை இல்லை. அடுத்த வைவாவுல எக்ஸாமினரா உக்கார்ற புண்ணியவான்கள் ஒரே கேள்வி கேளுங்க: 'தம்பி, எங்க அறுந்துச்சு?'

உருட்டுக்கட்டையோட வர்றவங்க வரலாம். கையில அறுந்த துண்டும் இருக்கணும், சொல்லிட்டேன்.