பூச்சியம் போட்டால் முடிந்துவிடுமா?

ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 2025 கடைசியில் நடந்த பிரச்சினையைக் கனபேர் வாசித்திருப்பீர்கள். உளவியல் வகுப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து அதற்கு எதிர்வினை எழுதச் சொன்னார்கள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு பள்ளிப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதுதான் அந்தக் கட்டுரை. ஒரு மாணவி பைபிளை வைத்து, ஆண் பெண் தவிர வேறு பாலினம் உண்டு என்று சொல்வது பேயின் வேலை என்ற மாதிரி எழுதிக் கொடுத்தார். கற்பித்தவர் ஒரு திருநர். 25 க்குப் பூச்சியம் போட்டார். அரசியல்வாதிகள் இடையில் புகுந்தார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகம் அந்த ஆசிரியரைக் கற்பிக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டது.

நான் வேலை செய்கிற உணவகத்தில் சனி ஞாயிறுகளில் பரிமாற வருகிற பிள்ளைகள் எல்லாரும் கல்லூரி, பல்கலைக்கழகம் போகிறவர்கள். இதை வைத்து இரண்டு கிழமை குசினிக்குள் சண்டை. பாதிப்பேர் "பூச்சியம் சரி" என்றார்கள், மற்றவர்கள் "கருத்துச் சுதந்திரம்" என்றார்கள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என்னையும் கேட்டார்கள், "அன்ரி, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று. அங்கே சொல்லி முடிக்க நேரம் இருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த ஆசிரியர் சொன்ன காரணங்களைப் பாருங்கள். கேள்விக்குப் பதில் இல்லை, முன்னுக்குப்பின் முரண், ஆய்வு ஆதாரத்துக்குப் பதிலாகச் சொந்த நம்பிக்கை. இவை மூன்றும் நியாயமான காரணங்கள். இவற்றுக்காகப் புள்ளியைக் குறைக்கலாம், நன்றாகவே குறைக்கலாம். ஆனால் நாலாவதாக, சில இடங்களில் மனதைப் புண்படுத்துகிறது என்றும் எழுதினார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முதல் மூன்றையும் எல்லாரும் மறந்துபோனார்கள். புள்ளி கொடுக்கும் விதிகளில் தெளிவாக எழுதுவதற்கும் கொஞ்சப் புள்ளி இருந்தது. அப்படியிருக்கப் பூச்சியத்தை நியாயப்படுத்துவது கஷ்டம். அதற்காக ஓர் ஆசிரியரைக் கற்பித்தலிலிருந்தே எடுத்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதை நான் சும்மா தூரத்தில் நின்று சொல்லவில்லை. ஊரில் நான் பாதியில் விட்டுவந்த பல்கலைக்கழகப் படிப்பில், இரண்டாம் வருடம் ஓர் ஒப்படை. கிராமப்புறத் தொழில்களைப் பற்றியது. ஒரு பெடியன், பெண்கள் வேலைக்குப் போனதால்தான் குடும்பங்கள் சீரழிந்தன என்றும், கம்பஸுக்கு வருகிற பெட்டைகள் மாப்பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தான். விரிவுரையாளர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். வாசித்து வாசித்துச் சிரித்தார். "நல்ல நகைச்சுவை உணர்வு" என்று சொல்லி நல்ல புள்ளியும் போட்டார். முன் வரிசையில் நாங்கள் ஐந்து பெண்கள். அதில் ஒருத்தி விதவைத் தாய் தையல் மெசினில் உழைத்துப் படிக்க வைத்த பிள்ளை. அவள் அடுத்த தவணை பாடத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெடியனைக் கலைத்திருக்க வேண்டும் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு வசனம். "இதுக்கு ஆதாரம் எங்கே, தம்பி?" எந்தக் கிராமம், எத்தனை குடும்பம், யாரிடம் கேட்டாய்? இதைக் கேட்டிருந்தால் கட்டுரை தானாகவே விழுந்திருக்கும். பெண்களைப் பற்றிக் கேவலமாக எழுதப்படுகிறவற்றில் முக்கால்வாசி, ஆதாரமில்லாத சோம்பேறி எழுத்துத்தான். அதைச் சோம்பேறி எழுத்து என்றே திருத்தலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே சட்டிக்குள் போடக்கூடாது. என் கணக்கில் இது மூன்று வகை.

முதலாவது, மோசமான கருத்து. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2012 இல் சினிமா வகுப்பொன்றில், பெண்கள் இருவரின் காதலைச் சொல்லும் படத்தைப் பற்றி ஒரு மாணவி கேவலமான சொற்களில் எழுதினார். ஆசிரியர் அதைத் திருத்தவில்லை. அது வழக்காகி, 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்த்தது. சட்டம் இடம் கொடுக்கட்டும். ஆனாலும் முழுக்க வாசித்துத் திருத்துவதுதான் ஆசிரியரின் வேலை என்பேன். அதிலும் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கதையில் மனைவியை அடிக்கிற பாத்திரம் வருகிறது என்பதற்காக எழுதினவன் அடிக்கிறவன் ஆகமாட்டான்.

இரண்டாவது, அந்த அறைக்குள் இருக்கிற ஒருவரைக் குறிவைத்து எழுதுவது. மிச்சிகனில் ஓக்லன்ட் பல்கலைக்கழகத்தில் 2011 இல், ஐம்பது வயது தாண்டிய ஒரு மாணவர் எழுத்துப் பயிற்சிக் கொப்பியில் தன் ஆசிரியையின் உடலழகில் மயங்கியதைப் பற்றி எழுதிக் கொடுத்தார். என்னவும் எழுதலாம் என்று சொன்னார்களே என்பது அவருடைய வாதம். பல்கலைக்கழகம் அவரை இடைநிறுத்தியது, அவர் போட்ட வழக்கு 2013 இல் தள்ளுபடியானது. தண்டனை கூடவா குறையவா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்த ஆசிரியையே இருந்து அதைத் திருத்தவேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. வேறொருவரிடம் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, பயம். வேர்ஜீனியா டெக்கில் 2005 இல் கவிஞர் நிக்கி ஜியோவானியின் வகுப்பில் ஒரு மாணவன் எழுதியதும் நடந்துகொண்டதும் மற்றப் பிள்ளைகளை வகுப்புக்கு வராமல் பண்ணியது. அவனை எடுக்காவிட்டால் நான் வேலையை விடுகிறேன் என்றார் அவர். துறைத் தலைவர் லூசின்டா ரோய் அவனுக்குத் தனியாகப் பாடம் எடுத்தார், பொலிசுக்கும் ஆலோசகர்களுக்கும் அறிவித்தார். நேரடி மிரட்டல் இல்லையே என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2007 ஏப்ரல் 16 அன்று அவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். இந்த வகையில் புள்ளி ஒரு பொருட்டே இல்லை. அறிவிக்கவேண்டும், அறிவித்ததை மேலே இருப்பவர்கள் காதில் போடவேண்டும்.

இன்னொன்று. ஒரு கட்டுரையை ஆசிரியர் தனியே வாசிப்பது வேறு, வகுப்பே வாசிப்பது வேறு. இப்போது ஒருவர் எழுதியதை மற்ற மாணவர்களுக்குக் கொடுத்துத் திருத்தச் சொல்கிறார்கள். எங்களிடம் வருகிற பிள்ளை ஒருத்தி, பாலியல் வன்முறையைக் கிளுகிளுப்பாக எழுதிய கதையை எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசிக்க நேர்ந்தது என்று சொன்னாள். ஆசிரியர் முதல் ஆளாக அதை வாசித்திருந்தால் இது நடந்திராது. எழுதுகிறவனுக்கு எழுத உரிமை இருக்கலாம், அதை அவள் வாயால் வாசிப்பிக்க யாருக்கும் உரிமை இல்லை. முதல் நாளே இதையெல்லாம் எழுத்தில் கொடுத்துவிட்டால் பிறகு "எனக்குத் தெரியாது" என்ற கதைக்கு இடமிருக்காது.

உணவகத்தில் ஒரு வாடிக்கையாளர் பரிமாறும் பிள்ளையிடம் கெட்ட கதை கதைத்தால், அந்த மேசைக்கு மனேச்சர்தான் போகவேண்டும். போகாத கடையில் நல்ல பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். இந்த வகுப்புகளை எடுப்பவர்களில் கனபேர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள், அல்லது தாங்களே இன்னும் படிக்கிற உதவி ஆசிரியர்கள். ஒரு முறைப்பாடு வந்தால் அடுத்த தவணை வேலை இல்லை. அந்தப் பயத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நல்ல புள்ளி போடுவார், இன்னொருவர் கோபத்தில் பூச்சியம் போடுவார். இரண்டிலும் அந்த மாணவர் ஒன்றும் படிக்கப்போவதில்லை.

ஓரத்தில் சிவப்பு மையால் நாலு கேள்வி எழுதுவதற்கு நேரமும், எழுதின பிறகு வேலை போகாது என்ற உறுதியும் ஆசிரியருக்கு வேண்டும். அதைக் கொடுக்கவேண்டியது நிர்வாகம். கொடுக்காமல் ஆசிரியரைத் தூக்குகிற நிர்வாகத்துக்குத்தான் நான் பூச்சியம் போடுவேன்.