ஓடுகிறவனிடம் ஊர் கேட்கும் கேள்வி

நாற்பத்து மூன்றாம் வயதில் ஓடத் தொடங்கினேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். நடப்பது எனக்குச் சலிப்பூட்டியது. கோவில்பட்டியின் விளிம்பிலிருந்து கிராமச் சாலைகளில் மெல்ல ஓட ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே ஒரு தேநீர்க் கடை வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் என்னை நிறுத்தினார்.

“என்ன தம்பி, இப்டி ஓடியாறீக? யாரும் வெரட்டுதாகளா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. கரிசலில் வளர்ந்த மனிதர் ஒருவர் ஓடுகிறார் என்றால் அதற்கு மூன்று காரணங்கள்தான் அவருக்குத் தெரியும். பேருந்தைப் பிடிக்க வேண்டும். மழை வருமுன் களத்தில் கிடக்கும் தானியத்தை மூட வேண்டும். அல்லது யாரோ துரத்த வேண்டும். காரணமில்லாமல் ஓடுவது, அதுவும் மீசை நரைத்தவன் அரைக்கால் சட்டையுடன் ஓடுவது, இந்த மண்ணின் அகராதியில் இல்லாத செயல்.

அந்த நாட்களில்தான் நண்பர் ஒருவர் ரோஸி ஸ்வேல் போப் என்ற பெண்மணியின் பயண நூலைப் படிக்கத் தந்தார். அவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். கணவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 2003 அக்டோபர் 2 அன்று, தமது 57ஆம் பிறந்தநாளில், டென்பி என்ற சிறு கடற்கரை ஊரிலுள்ள தமது வீட்டு வாசலிலிருந்து ஓடத் தொடங்கினார். ஐரோப்பா, ரஷ்யா, சைபீரியா, அலாஸ்கா, கனடா, அமெரிக்கா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று சுற்றி, 2008 ஆகஸ்டில் அதே வாசலுக்குத் திரும்பினார். ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர். இழுத்துச் சென்ற சிறு வண்டிதான் அவருக்கு வீடு, அதற்குள்ளேயே உறங்கினார். அவருக்குச் சற்று முன்பின்னாக, 2004 - 2005இல், டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர் ஓல்சன் லண்டனில் தொடங்கி லண்டனில் முடியுமாறு 26,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி உலகைச் சுற்றினார்.

இவ்வகைப் பயணங்களில் என்னைக் கவர்வது தூரம் அல்ல. சிற்றூர்கள்தாம். விமானத்தில் போகிறவன் தலைநகரங்களைப் பார்க்கிறான். ரயிலில் போகிறவனுக்குச் சிற்றூர் என்பது ஒரு பெயர்ப்பலகையும் இரண்டு நிமிடங்களும். காரில் போகிறவன் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான். ஓடுகிறவனோ தன் உடம்பு நிற்கச் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டியவன். எந்த ஊரில் தாகம் எடுக்கிறதோ அதுவே அவன் சுற்றுலாத் தலம். அவன் அந்த ஊருக்குப் பார்வையாளனாக வருவதில்லை, தேவையோடு வருகிறான். ஆகவே அவன் ஊரைப் பார்ப்பதைவிட ஊர் அவனைப் பார்ப்பதே அதிகம்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் இராது. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லவேண்டிய வழி, மன்னனின் அரண்மனைக்கு நேராகப் போய்விடுவதில்லை. எயினர் குடியிருப்பு, ஆயர் பாடி, உழவர் ஊர், வலைஞர் சேரி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போகிறது. எங்கே என்ன உணவு கிடைக்கும் என்பது வரை சொல்லப்படுகிறது. கால்நடையாகப் போகிறவனுக்கான சிற்றூர்க் கையேடு என்று அதைச் சொல்லலாம். வகுப்பில் நான் ஆண்டுதோறும் இதை விருந்தோம்பலின் சான்றாகவே கற்பித்து வந்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கிறேன். அங்கே சோறு பெறுகிறவன் யாரோ ஒருவன் அல்லன், பாணன். கையில் யாழ் இருக்கிறது. அவன் யார், எதற்காக நடக்கிறான் என்பது தூரத்திலிருந்தே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்றும் அப்படித்தான். தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டி கட்டி நடக்கிறவர்களுக்கு எங்கள் பகுதியில் வழியெல்லாம் மோரும் சோறும் கிடைக்கும். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. பச்சைத் துணிதான் அவர்களுடைய யாழ்.

உலகைச் சுற்றி ஓடியவர்களின் நூல்களும் நேர்காணல்களும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றன: மனிதர்கள் எங்கும் நல்லவர்கள், சிற்றூர்கள் அந்நியனை அணைத்துக்கொள்கின்றன. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இதற்கு இந்திய எடுத்துக்காட்டே உண்டு. 1962இல் சதீஷ் குமாரும் இ.பி. மேனனும் அணு ஆயுதங்களுக்கு எதிராக டெல்லி காந்தி நினைவிடத்திலிருந்து புறப்பட்டு, மாஸ்கோ, பாரிஸ், லண்டன் வழியாக வாஷிங்டன் வரை அமைதி நடை சென்றார்கள். கையில் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வினோபா பாவே சொன்ன யோசனை. பாகிஸ்தான் எல்லையில், வழியனுப்ப வந்த தோழி ஒருவர் உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தபோது சதீஷ் குமார் வாங்க மறுத்தார். இவை உணவுப் பொட்டலங்கள் அல்ல, அவநம்பிக்கையின் பொட்டலங்கள் என்பது அவர் எண்ணம். எல்லைக்கு அப்பால், அவர்களைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த ஒருவர் வரவேற்கக் காத்திருந்தார்.

படிக்கும்போது கண் கலங்கும் இடம். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்நிய நாட்டுக்காரன் ஓர் ஊருக்குள் நுழையும்போது, அந்த ஊரின் பழைய கணக்கு எதிலும் அவன் பெயர் இல்லை. அவனுக்கு நிலத்தகராறு இல்லை, பங்காளி இல்லை, கோயில் வரி இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதால் ஊரின் எந்த ஒழுங்கும் குலைவதில்லை. தூரத்து அந்நியனை நேசிப்பது எளிது. அடுத்த ஊர்க்காரன் ஓடிவந்தால்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம். நெடுந்தூர ஓட்டக்காரன், தினமும் காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவான். அவன் ஊரிலிருந்து வேம்பும் பனையும் நிற்கும் அருமையான கிராமச் சாலை ஒன்று உண்டு. கார்த்திகை மாதத்தில் அந்த வழியே போனால் இருபுறமும் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாய் விரிந்து கிடக்கும். அவனோ அதில் ஓடமாட்டான். நான்குவழிச் சாலைக்குப் போய், லாரிகள் உரசிச்செல்லும் ஓரத்தில் புகையைக் குடித்துக்கொண்டு ஓடுவான். ஏனப்பா இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

“அந்த ரோட்டுல போனா ரெண்டு ஊரு தாண்டணும் சார்.”

“தாண்டினால் என்ன?”

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “நீங்க ஓடுனா அது ஒடம்புக்கு சார். நான் ஓடுனா, எதை எடுத்துட்டு ஓடுதேன்னு கேப்பாங்க.”

ஒருமுறை நிறுத்தப்பட்டிருக்கிறான். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று வரிசையாய் விசாரணை. அடிக்கவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் ஓடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவன் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பிரச்சினை பெரிதாகும் என்று பயம். அன்றிலிருந்து நான்குவழிச் சாலைதான். அங்கே ஊர் இல்லை. ஆகையால் கேள்வியும் இல்லை. நெடுஞ்சாலைகள் சிற்றூர்களைப் புறக்கணித்துவிட்டன என்று நாம் எழுதும் புலம்பல்களை அவனிடம் படித்துக் காட்ட எனக்குத் துணிவில்லை. அவனுக்கு அந்தப் புறவழிச்சாலை ஒரு விடுதலை.

பெரியவரின் கேள்வியையும் மாணவனுடைய பதிலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். என்னிடம் ஊர் கேட்டது, “யாரும் உன்னை விரட்டுகிறார்களா?” என்று. அதில் அக்கறை இருக்கிறது. அவனிடம் கேட்பது, “எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறாய்?” என்று. ஓட்டம் ஒன்றுதான். ஓடும் உடம்பு யாருடையது என்பதைப் பொறுத்துக் கேள்வி மாறுகிறது.

கரிசல் இலக்கியத்துக்கு இது தெரியாததல்ல. 1976இல் வந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ என்ன? தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி ஓடிவந்த ஒரு கூட்டத்தின் கதை. வேற்று மொழி பேசும் நிலங்களைக் கால்நடையாய்க் கடந்து, ஆற்றைத் தாண்டி, காட்டை எரித்துக் கழனியாக்கி ஊர் அமைக்கிறார்கள். கரிசல் நாவலின் தொடக்கமே ஒரு நெடுந்தூர ஓட்டம்தான். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் இடைசெவல், கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: இங்கே இன்று வழிப்போக்கனை நிறுத்தி ‘எந்த ஊர்’ என்று கேட்கும் பலருடைய மூதாதையரும் ஒரு காலத்தில் இதே கேள்விக்கு மூச்சிரைக்கப் பதில் சொன்னவர்கள்தாமே?

1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’ இன்னொரு ஓட்டம். பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டு, தந்தையோடு காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரிகிறான். அந்த நாவலில் ஊர்கள் ஓரமாகத்தான் வருகின்றன. ஊரைத் தவிர்த்து நடப்பவர்களின் பார்வையில் எழுதப்பட்ட நிலக்காட்சி அது. எந்தப் பொந்தில் ஒளியலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று அவர்கள் மண்ணைப் படிக்கிறார்கள். இவ்வளவு துல்லியமாகக் கரிசலை வேறு யாரும் பார்த்ததில்லை என்பேன். ஆனால் அந்தத் துல்லியம் அச்சம் தந்தது.

ஆக, நம் எழுத்தில் ஓட்டம் உண்டு; எல்லாம் தப்பியோட்டம். மகிழ்ச்சிக்காக ஓடும் ஒருவன் இன்னும் இங்கே கதாபாத்திரம் ஆகவில்லை. இது எழுத்தாளர்களின் குறையல்ல. இடம் இருந்தால்தானே பாத்திரம் வரும்? காரணமின்றி ஓர் ஊரைக் கடந்துபோகும் உரிமை எல்லோருக்கும் வாய்க்காத நிலத்தில், பயண இலக்கியம் சிலருடைய இலக்கியமாக மட்டுமே இருக்கும். உலகம் சுற்றியவரின் நூலை நாம் வியந்து படிக்கும்போது, அவர் கடந்த கண்டங்களை எண்ணுகிறோம். பக்கத்து ஊரைக் கடக்க முடியாதவனின் தூரத்தை எந்த அலகால் அளப்பது?

வாசகர்கள் சிலர், ‘நீங்கள் சிற்றூரை அவமதிக்கிறீர்கள், நகரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது’ என்று கேட்கக்கூடும். நான் இந்த மண்ணை நேசிப்பவன். மழை பெய்த மறுநாள் ஓடினால் ஒவ்வொரு காலணியிலும் ஒரு கிலோ கரிசல் ஒட்டிக்கொள்ளும். கோடையிலோ அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். விடியுமுன் தீப்பெட்டி ஆலை வேனுக்காகத் தூக்குவாளியோடு காத்து நிற்கும் பெண்கள் எனக்கு வழிவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு கடைக்காரர் தினமும் ஒரு கடலைமிட்டாய்த் துண்டை நீட்டுவார். சர்க்கரை என்று சொல்லியும் கேட்கமாட்டார். இவையெல்லாம் உண்மை. இந்த அன்பு என் மாணவனுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத கிராம நினைவோடை எழுத்துகளில் எனக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு அந்தக் கிராமச் சாலையில் ஓடினேன். முதலில் தயங்கினான், பிறகு வந்தான். என் வேகத்துக்காகத் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான். இரண்டாவது ஊரில், குழாயடியில் குடம் வைத்திருந்த மூதாட்டியிடம் தண்ணீர் கேட்டேன். செம்பு நிறையக் கொடுத்தார். நான் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினேன். அவர் அவனைப் பார்த்து, “இது யாரு வீட்டுப் புள்ள?” என்றார்.

அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: “எங்க காலேஜ் பையன் பாட்டி.”

அவர் தலையசைத்தார். அவன் குடித்தான். நாங்கள் தொடர்ந்து ஓடினோம்.

அடுத்த ஊர் வரை அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நல்லது செய்துவிட்டதாக முதல் நூறு அடிக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. கேட்டது அவனைப் பற்றி. பதில் சொன்னது நான். அவன் பெயரையோ ஊரையோ சொல்லாமல், என் பதவியை அவன்மேல் போர்த்தி, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த மூதாட்டி ஒருவேளை உண்மைப் பதிலைக் கேட்டும் கொடுத்திருப்பார். அதை அறியும் வாய்ப்பை அவருக்கும் அவனுக்கும் நான் தரவில்லை. எல்லையில் சதீஷ் குமார் வாங்க மறுத்த அந்தப் பொட்டலத்தை நான் என் ஊரிலேயே சுமந்துகொண்டு ஓடியிருக்கிறேன்.

அவன் இப்போதும் நான்குவழிச் சாலையில்தான் ஓடுகிறான். மாவட்ட அளவிலான போட்டிக்குத் தயாராகிறான். வரும் ஞாயிறு மறுபடியும் அந்த வழியே போகலாமா என்று நேற்றுக் கேட்டேன்.

“போலாம் சார்,” என்றான். “ஆனா யாராச்சும் கேட்டா நானே சொல்லிக்கிடுதேன்.”