கருவிக்கு முன் வானம்

கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் இளைஞர் சிலரிடத்தே, விண்மீன்களைப் படம் பிடிக்கும் ஆசை அரும்பியிருக்கக் காண்கிறேன். நல்ல ஆசை. ஆயினும் அவர்கள் என்னிடம் வந்து கேட்கும் முதற் கேள்வி, "ஐயா, எந்தத் தொலைகாட்டியை வாங்கலாம்?" என்பதே. "நம் வானத்தில் எதனை எப்போது காணலாம்?" என்று கேட்போர் அரியர். இந்த வரிசை தலைகீழானது என்பது என் துணிபு. கருவியிலே தொடங்குகிறவன் பெரும்பாலும் கருவியோடே நின்றுவிடுகிறான். வானத்திலே தொடங்குகிறவன் தனக்கு வேண்டிய கருவி எதுவென்பதைத் தானே அறிந்துகொள்கிறான்.

நமக்குக் கிடைக்கும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்போர்க்கென எழுதப்பட்டவை. பூமி சுழல்வதனால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வனபோலத் தோன்றும். தொலைகாட்டி அவற்றைப் பின்தொடர வேண்டுமாயின், அதனைத் தாங்கும் பீடத்தின் அச்சு வான முனையை நோக்கி நிற்றல் வேண்டும். துருவ நட்சத்திரத்தைக் கண்டு அச்சை அதன்மேல் நிறுத்துமாறு அந்நூல்கள் எளிதாகச் சொல்லிவிடும். இலண்டனிலே அந்த நட்சத்திரம் ஏறத்தாழ 51 பாகை உயரத்தில் நிற்கிறது. கண்டியிலோ அதன் உயரம் 7 பாகைதான். மலை சூழ்ந்த நகரில் அந்த ஏழு பாகையைக் குன்றும் மரமும் மூடுபனியும் விழுங்கிவிடும். சில பீடங்கள் அவ்வளவு தாழ்வாகச் சாயவும் இடங்கொடா. பெற்றோரின் பெரும்பணத்தில் வாங்கிய பொருள் பெட்டியிலேயே உறங்குவதற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

ஆனால், வடமுனையைத் தாழ்த்திய அதே அகலக்கோடு நமக்கு வேறு செல்வங்களை உயர்த்தித் தந்திருக்கிறது. பெப்ரவரி மாதத்து முன்னிரவில் ஒறாயன் கூட்டத்தின் நெபுலா, கண்டியில் 77 பாகை உயரத்தில், ஏறக்குறைய நம் தலைக்கு மேலே ஒளிர்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களில், மழை விட்ட நள்ளிரவொன்றில் தெற்கே நோக்கினால், ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் திரளை 35 பாகை உயரத்திற் காணலாம். இலண்டன்வாசிக்கு அது ஒருநாளும் உதிப்பதில்லை.

இடத்தின் பெருமையை மெய்ப்பித்த ஒருவர் நம் தீவிலேயே வாழ்ந்தார். 1867-ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வர்த், பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவு அதிகாரியாகத் திருகோணமலையிற் பணிபுரிந்தவர். வானியல் அவருக்குத் தொழிலன்று. ஓய்வு நேரத்து வேட்கை. 12½ அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியால் வியாழனை ஆராய்ந்து, கண்டதைக் கையால் வரைந்து வைத்தார். அக்கோளின் தென் வெப்பமண்டலத்தில் எழுந்த பெருங் குழப்பத்தை 1901-இல் முதலிற் கண்டவர் அவரே. அக்காலத்தில் வியாழன் தனுசிலே, வான நடுக்கோட்டுக்கு வெகு தெற்கே நின்றது. இலண்டனில் அது ஏறத்தாழ 16 பாகைக்கு மேல் எழவில்லை. திருகோணமலையில் 58 பாகை வரை உயர்ந்தது. இங்கிலாந்திலே அவருடையதினும் பெரிய தொலைகாட்டிகள் இருந்தன; அந்த வானம் இருக்கவில்லை. செவ்வாயிலுள்ள குழியொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

எனவே தொடங்குவோர்க்கு நான் கூறுவது இது. பழைய கமரா ஒன்றும் ஆடாத முக்காலி ஒன்றும் முதலாண்டுக்குப் போதும். வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீற்றராயின், 500-ஐ அதனால் வகுத்து வரும் 10 செக்கனுக்கு மேல் ஒளியை உள்ளே விடலாகாது. விட்டால் புள்ளி கோடாகும். சிறிய உணரியுடைய கமராவாயின் அப்பத்தையும் ஒன்றரையால் வகுத்தல் வேண்டும். நம் உச்சியிலுள்ள மீன்கள் நடுக்கோட்டுக்கு அருகே இருந்து விரைந்து நகர்வதால், இன்னும் சற்றுக் குறைப்பதே நன்று. அவ்வாறு எடுத்த நூறு படங்களைக் கணினியில் ஒன்றன்மேலொன்றாகப் பொருத்திச் சராசரி கண்டால், பொய்ப்புள்ளிகளின் கலக்கம் பத்திலொன்றாகத் தணியும். இதற்குரிய செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கண்டியின் ஈரம் வில்லைக்குப் பகை. பூஞ்சணம் பிடியாதிருக்க, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய பெட்டியில் அதனை வைத்தல் வேண்டும்.

சந்திரனின் குழிகளுக்கும் சனியின் வளையத்துக்கும் தொலைகாட்டி வேண்டாவோ எனின், வேண்டும், மறுக்கவில்லை. ஓராண்டு வானத்தோடு பழகியபின் வாங்குக. அப்போது திசையறி கருவியால் வடக்கை அறிந்து, அச்சை ஏழு பாகைக்குச் சாய்த்து, ஒரு மீன் எப்பக்கம் வழுவுகிறதென்று பார்த்துத் திருத்தும் முறை நமக்குக் கைகொடுக்கும்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். கண்டி வாவியைச் சூழ்ந்த விளக்கொளியில் மங்கிய மீன்கள் மறைந்துபோகின்றன. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலோ இருள் இன்னும் மிஞ்சியிருக்கிறது. லயத்துப் பிள்ளைகளின் வசதியின்மையை நான் புகழ்கிறேன் அல்லேன். அவர்களுக்கு வேண்டியவை பல. ஆயினும், நகரத்துச் செல்வர் விலைகொடுத்தும் பெறவியலாத வானம் அவர்கள் முற்றத்தின் மேல் விரிந்திருக்கிறது. அதைப் பதிவுசெய்யும் கமராதான் அவர்களிடத்தில் இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கொரு கமராவும் முக்காலியும் வாங்கி, நூல்நிலையத்துப் புத்தகம்போல் முறைவைத்து இரவல் கொடுக்கலாகாதா? ஒரு பெரிய தொலைகாட்டியின் விலையில் பல பாடசாலைகள் பயன்பெறும். நம் வானத்துக்குரிய கையேட்டைத் தமிழிலே எழுதக்கூடியவர்களும் அப்பிள்ளைகளிடையேயிருந்து தோன்றுவர்.